அஃபிலியேட் தளத்துக்கு நிஷ் தேடுறேன்: டெல்டாவுல இருந்து எழுதி வருமானம் பார்க்க முடியுமா?

வேதாரண்யம்_மல்லி

எல்லாருக்கும் வணக்கம். ஊர் வேதாரண்யம் பக்கம். பி.காம். முடிச்சிட்டு நாகப்பட்டினத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறேன். சாயந்தரம் கிடைக்கிற நேரத்துல ஒரு அஃபிலியேட் தளம் (பொருளைப் பத்தி எழுதி லிங்க் குடுத்து, அதுல யாராவது வாங்கினா கமிஷன் வர்ற தளம்) தொடங்கணும்னு முடிவு பண்ணிட்டேன். தளம் கட்டுற வேர்ட்பிரஸ் ஓரளவு தெரியும். டொமைன், ஹோஸ்டிங் செலவுக்குப் பணம் இருக்கு. விளம்பரத்துக்குப் போட முடியாது.

எந்த நிஷ், அதாவது எந்தக் குறிப்பிட்ட தலைப்புங்கறதுலதான் தெளிவில்லை. யூடியூப்ல சொல்ற பட்டியல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு: மெத்தை, நாய் வளர்ப்பு, உடம்பு இளைக்கிறது, விபிஎன், ஹோஸ்டிங் ரிவ்யூ. எதுவும் எனக்கு ஒட்டலை. நானா யோசிச்சு வச்சிருக்கிறது மூணு. ஒண்ணு, பாரம்பரிய அரிசி வகைகள். ரெண்டாவது, நவக்கிரகக் கோயில் சுற்றுலாவும் தஞ்சாவூர் கைவினைப் பொருளும். மூணாவது, தமிழ்ல மொபைல், கேட்ஜெட் ரிவ்யூ.

இதுல எதுல காசு வரும்? எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டுப் பார்க்க வழி இருக்கா? தமிழ்லயா, இங்கிலீஷ்லயா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பேராவூரணித்_தென்னை

தங்கச்சி, கணக்குப் போட வழி இருக்கு. எத்தனை பேர் பக்கத்துக்கு வருவாங்க, அதுல எத்தனை பேர் லிங்க்கை அமுக்குவாங்க, எத்தனை பேர் வாங்குவாங்க, பொருள் விலை என்ன, கமிஷன் எத்தனை சதவீதம். இவ்வளவுதான்.

சும்மா உதாரணத்துக்கு வச்சுக்குவோம். மாசம் 1,000 பேர் வர்றாங்க, 100 பேர் லிங்க்கை அமுக்குறாங்க, 4 பேர் வாங்குறாங்க, கமிஷன் 5 சதவீதம். பொருள் 500 ரூபாய்னா உங்களுக்கு வர்றது 100 ரூபாய். அதே 4 பேர் 9,000 ரூபாய்க்கு வாங்கினா 1,800 ரூபாய். கட்டுரை எழுதுற உழைப்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான். அமேசான் மாதிரி இடங்கள்ல கமிஷன் பொருளுக்குப் பொருள் மாறும், அடிக்கடி மாத்தவும் செய்வாங்க. 2020 ஏப்ரல்ல அமெரிக்காவுல ஒரே நாள்ல பல பிரிவுகளுக்குக் குறைச்சாங்க, அங்க அதை மட்டும் நம்பி இருந்தவங்க ஆடிப்போனாங்க. அதனால யூடியூப்காரர் சொல்ற சதவீதத்தை நம்பாதீங்க, கணக்குக்குள்ள இருக்கிற அட்டவணையைப் பாருங்க. லிங்க்கை அமுக்கின பிறகு அமேசான்ல பொதுவா 24 மணி நேரத்துக்குள்ள வாங்கினாத்தான் உங்களுக்குக் கமிஷன். பொருளைத் திருப்பி அனுப்பிட்டா கமிஷனும் திரும்பிப் போயிடும். திருப்பி அனுப்புறது அதிகமா இருக்கிற துணி, செருப்பு மாதிரி பொருள்ல இதை மறந்துடக் கூடாது.

இப்ப முக்கியமான விஷயம். என் தளம் தென்னந்தோப்பு சம்பந்தமானது. 2018 நவம்பர் கஜா புயலுக்கு அப்புறம் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு முழுக்கத் தோப்பு சாய்ஞ்சு கிடந்த நேரத்துல தொடங்கினது. தென்னங்கன்று நடுறதைப் பத்தின பக்கத்துக்குத்தான் கூட்டம் வரும். ஆனா பணம் வர்றது பிரஷ் கட்டர் பக்கத்துல. தோப்புக்குள்ள புல் வெட்ட டூ ஸ்ட்ரோக் வாங்கவா ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கவா, முதுகுல மாட்டுறதா தோள்ல தொங்கவிடுறதா, ஈர மண்ணுல கோரைக்கு எந்த பிளேடு, இந்தக் கேள்வியோட வர்றவன் கையில பணம் வச்சிருக்கான். அவன் வாங்கத்தான் போறான். எதை வாங்குறதுன்னு ஒரு சந்தேகம் நிக்குது, அவ்வளவுதான். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் கமிஷன் கிடைக்கும். கன்று நடுறதைப் படிக்க வர்றவன் படிச்சிட்டு, விவரம் தெரிஞ்சுக்கிட்டுப் போயிடுவான். அவனுக்கும் எழுதணும், அது வேற கடமை.

நீங்க சொன்ன மூணுலயும் அந்தக் கடைசிச் சந்தேகம் எங்க இருக்குன்னு தேடுங்க. கேட்ஜெட்டை இப்பவே விட்டுடுங்க. புது மொபைல் வந்த அன்னிக்கே கையில வச்சுக் காட்டுற பெரிய சேனல்கள் தமிழ்ல நிறைய இருக்கு. உங்களுக்கு அந்த மொபைல் கைக்கே வராது.

குடந்தை_வாசி

கேட்ஜெட் வேண்டாம்ங்கறதுல எனக்கும் சம்மதம். ஆனா ரெண்டாவதை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்க வேண்டாம். நம்ம பக்கம் இருக்கிறது வேற எங்க இருக்கு? நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, சுவாமிமலை ஐம்பொன் சிலை, திருபுவனம் பட்டு, தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, தஞ்சாவூர் வீணை, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் எல்லாமே புவிசார் குறியீடு வாங்கினவை. கோயிலை எடுத்துக்கிட்டா ஆலங்குடி, திருநாகேஸ்வரம், கஞ்சனூர், சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறுன்னு ஒன்பதும் பக்கத்துப் பக்கத்துல. 2023 டிசம்பர் 20-ல சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தீங்களா? கடந்த மகாமகம் 2016 பிப்ரவரியில. அடுத்தது 2028-ல வருது. ரூம் தேடி எத்தனை லட்சம் பேர் கூகுள்ல தட்டுவாங்க? இப்பவே ஒரு தளம் போட்டு வளர்த்தா அந்த நேரத்துக்கு நல்லா நிக்கும்.

மாயவரம்_துலாக்கட்டம்

ஊர் மயிலாடுதுறை, சென்னையில எஸ்இஓ (தளங்களைக் கூகுள் தேடல்ல மேல கொண்டு வர்றது) வேலை. குடந்தை அண்ணன் சொல்றதுல ஒரு பாதி சரி. தேடுறவங்க இருக்காங்க. ஆனா அவங்க பணம் எந்த வழியா போகுதுன்னு பார்க்கணும்.

ரூம் எடுத்துக்குவோம். ஹோட்டல் புக்கிங் தளங்கள் கமிஷன் குடுக்கிறது விருந்தாளி வந்து தங்கிட்டுப் போன பிறகு. கேன்சல் ஆனா ஒண்ணும் கிடையாது. கும்பகோணத்துல பெரிய ஹோட்டல்கள் அந்தத் தளங்கள்ல இருக்கு. ஆனா நவக்கிரகம் சுத்த வர்ற குடும்பங்கள் நிறைய பேர் ஒரு வேன் பிடிச்சு, டிரைவர் சொல்ற லாட்ஜ்ல தங்குறவங்க. அந்த லாட்ஜுக்கு போன் நம்பர்தான் உண்டு. தவிர "கும்பகோணம் ஹோட்டல்" னு தட்டினா முதல் பக்கம் முழுக்க அந்தப் புக்கிங் தளங்களே உட்கார்ந்திருக்கும், நடுவுல கூகுள் மேப். தனி ஆள் அங்க நுழைய இடமே இல்ல. மகாமகம் சமயம் அறை எல்லாம் முன்கூட்டியே நிரம்பிடும், நிரம்பின அறைக்குக் கமிஷன் எங்கிருந்து வரும்?

கைவினைப் பொருள்ல சிக்கல் வேற. குத்துவிளக்கு எடை பார்த்து வாங்குறது. சுவாமிமலைச் சிலையைச் சொல்லிச் செய்யச் சொல்வாங்க, மெழுகு வார்ப்புல ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான், உயரம், முகபாவம் எல்லாம் பேசித்தான் முடிவாகும். அதை ஒரு லிங்க்கை அமுக்கி யாரும் வாங்க மாட்டாங்க. ஆன்லைன்ல அந்தப் பேர்ல கிடைக்கிறதுல அசலும் போலியும் கலந்து கிடக்கு. நீங்க லிங்க் குடுத்து வாங்கினவருக்குப் போலி வந்தா நம்ம ஊர்ப் பேரும் கெடும், உங்க தளத்தையும் திரும்பிப் பார்க்க மாட்டார். அண்ணனுக்கு இதுல ஆர்வம் இருந்தா வேற முறை இருக்கு: பட்டறைகளோட நேரடியா பேசி, விசாரிச்சு வர்ற ஆளை அனுப்பி வச்சு, வியாபாரம் முடிஞ்சா பங்கு வாங்கிக்கிறது. ஆனா அதுக்குப் பட்டறைக்குப் பட்டறை போய் நிக்கணும். ஆபீஸ் போற தங்கச்சிக்குச் சரிப்படாது.

முதல் பக்கத்தை எப்படிப் பார்க்கணும்னு சொல்றேன், தமிழா இங்கிலீஷாங்கற கேள்விக்கும் அதுலயே பதில் இருக்கு. நீங்க எழுத நினைக்கிற கேள்வியை மக்கள் எப்படித் தட்டுவாங்களோ அப்படியே கூகுள்ல போடுங்க. தமிழ் எழுத்துல ஒரு தடவை, இங்கிலீஷ் எழுத்துல தமிழா ஒரு தடவை, முழு இங்கிலீஷ்ல ஒரு தடவை. முதல் பத்துல என்ன வருதுன்னு ஒரு தாள்ல எழுதுங்க. கடைத் தளங்களும் கம்பெனித் தளங்களும் மட்டும் வந்தா விலகிடுங்க. யூடியூப் வீடியோ, யாரோ கேட்ட கேள்வி, சம்பந்தமில்லாத பழைய பதிவு இப்படி வந்தா, கேள்வி இருக்கு, ஒழுங்கான பதில் இல்லைன்னு அர்த்தம். அங்க நுழையலாம். கூகுள் ட்ரெண்ட்ஸ்ல தமிழ்நாட்டை மட்டும் வச்சுப் பாருங்க. ஆனா சின்ன கேள்விகளுக்கு அது ஒண்ணுமே காட்டாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுறாங்கன்னு காட்டுற கூகுளோட கீவேர்டு பிளானர் விளம்பரம் போடாதவங்களுக்கு "100 முதல் 1,000" ன்னு மொத்தமாத்தான் சொல்லும். தமிழ்க் கேள்விகளுக்கு இந்தக் கருவிகளை விட யூடியூப் வீடியோக்களுக்குக் கீழ இருக்கிற கமென்ட்தான் பெரிய சுரங்கம். "அண்ணா இது கிணத்து மோட்டாருக்கு ஆகுமா" ன்னு முப்பது பேர் கேட்டு, வீடியோ போட்டவர் ஒருத்தருக்கும் பதில் சொல்லாம விட்டிருப்பார். அந்தக் கேள்விதான் உங்க பக்கத்தோட தலைப்பு.

திருத்துறைப்பூண்டி_பூங்கார்

அரிசியைப் பத்தி நான் சொல்லலாம். எங்க ஊர் நெல் ஜெயராமன் ஐயாவோட ஊர்ப்பக்கம். 174 பாரம்பரிய ரகங்களை மீட்டுக் குடுத்துட்டு 2018-ல போய்ச் சேர்ந்தார். அவரோட நெல் திருவிழாவுல விதை வாங்கிப் போட்டவங்கள்ல எங்க குடும்பமும் உண்டு. கறுப்புக் கவுனி, பூங்கார், தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா போடுறோம்.

இந்த அரிசிக்கு அஃபிலியேட் சரிவராதுன்னு நினைக்கிறேன். ஒரு கிலோ, ரெண்டு கிலோ பை, அதுல கூரியர் செலவு, அதுக்கு மேல கமிஷன். விவசாயிக்கும் மிஞ்சாது, எழுதுறவங்களுக்கும் மிஞ்சாது. அதைவிட, இதுல எழுதுறவங்க எல்லாரும் கடைசியில ஒரு இடத்துலதான் போய் நிக்கிறாங்க: இது சர்க்கரையைக் குணமாக்கும், அது புற்றுநோயைத் தடுக்கும். அப்படி எழுதினாத்தான் விக்குதுன்னு சொல்வாங்க. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீங்க. கவுனியைச் சாப்பிட்டுட்டு மாத்திரையை நிறுத்துறவங்க நிஜமாவே இருக்காங்க. கமிஷனுக்காக ஒருத்தர் உடம்போட விளையாடக் கூடாது.

எந்த ரகத்தை எவ்வளவு நேரம் ஊற வைக்கணும், எத்தனை விசில், எது இட்லிக்கு ஆகும், எது கஞ்சிக்கு ஆகும்னு எழுதினா நாங்களே அதை எங்க வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவோம். ஆனா அது சேவை. வருமானத்துக்கு வேற பாருங்க.

மன்னை_காயில்கடை

மன்னார்குடியில மோட்டார் காயில் கட்டுற கடை. இணையம் பத்தி எனக்குத் தெரியாது, கடைக்கு வர்றவங்க என்ன கேக்குறாங்கன்னு தெரியும்.

இப்ப நிறைய பேர் மொபைல் ஸ்டார்ட்டர் கேக்குறாங்க. மும்முனை மின்சாரம் எந்த நேரத்துல வரும்னு இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு வயலுக்குப் போய் ஸ்விட்ச் போடணும், பாம்பு பூச்சி இருக்கும். வீட்ல இருந்தபடியே போன்ல மோட்டாரைப் போட்டு நிறுத்துற பொட்டி அது. ஆன்லைன்லயே பலபேர் வாங்கிட்டு வந்து எங்கிட்ட மாட்டச் சொல்றாங்க. வந்து நிக்கிற பிரச்சினை என்ன தெரியுமா? சிம். அந்தப் பொட்டிகள்ல சிலது 2ஜி-ல மட்டும்தான் ஓடும். ஜியோவுக்கு 2ஜி-யே கிடையாது. வீட்ல எல்லாருக்கும் ஜியோ இருக்கும், அதுல ஒரு சிம்மைப் போட்டுட்டு "பொட்டி வேலை செய்யல" ன்னு வருவாங்க. அப்புறம் எந்த ஸ்டார்ட்டருக்கு ஆகும், டிஓஎல் ஸ்டார்ட்டருக்கு வாங்கினதை இன்னொரு வகை ஸ்டார்ட்டரான ஸ்டார் டெல்டாவுக்கு மாட்ட முடியுமா, தண்ணி இல்லாம மோட்டார் ஓடினா தானா நிக்குமா, ஒரு ஃபேஸ் போனா நிக்குமா. இதை எல்லாம் தமிழ்ல ஒழுங்கா எழுதி வச்ச ஒரு இடம் இருந்தா எனக்கே நாள்முழுக்கத் தொண்டைத்தண்ணி வத்தப் பேசுற வேலை மிச்சம்.

மாயவரம்_துலாக்கட்டம்

ஐயா, நீங்க எழுதினதை அப்படியே ஒரு தளமா போடலாம். விலை ஆயிரக்கணக்குல இருக்கிற பொருள், வாங்கத் தயாரா இருக்கிற ஆள், தப்பா வாங்கினா நஷ்டம், பதில் சொல்ல ஆள் இல்ல. நான் இப்பவே தேடிப் பார்த்தேன். ஜியோ சிம் கேள்விக்குத் தமிழ்ல ஒரு எழுத்துப் பக்கம் கூட முதல் பத்துல இல்ல, வீடியோதான் வருது.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்றேன். டெல்டாவுல இந்தத் தேடல் எல்லாம் தண்ணியோட சேர்ந்து ஏறி இறங்கும். மேட்டூர் ஜூன் 12-ல திறந்து ஜனவரி 28-ல மூடுறதுதான் வழக்கம். 2024-ல தண்ணி இல்லாம ஜூலை 28-க்குத்தான் திறந்தாங்க. போர் மோட்டார் வச்சிருக்கிறவங்கதான் அந்த வருஷம் குறுவையைத் தைரியமா போட்டாங்க. மோட்டார் சம்பந்தமா எழுதுறவங்க அணை நீர்மட்டத்தைப் பார்த்துப் பக்கத்தைத் தயார் பண்ணணும். கூகுள்ல ஒரு பக்கம் மேல வர மாசக்கணக்குல ஆகும். ஆறு வந்த பிறகு எழுதினா அறுவடைக்குத்தான் ரேங்க் ஆகும்.

அறுவடையும் ஒரு வாய்ப்புதான். நேரடி கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதம்ங்கறது பொது விதி, மழை பெய்ஞ்சா மத்திய அரசு அனுமதி குடுத்துத் தளர்த்துவாங்க. நெல்லைக் கொண்டுபோய்க் குவிச்சு வச்சுட்டு மழைக்குப் பயந்து நிக்கிறவன் தார்ப்பாய் வாங்குவான், ஈரப்பதம் பார்க்கிற மீட்டர் வாங்குவான். தார்ப்பாய்ல ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்ங்கற கனம்) எவ்வளவு இருந்தா ரெண்டு போகம் தாங்கும்னு யார் எழுதியிருக்கா?

வேதாரண்யம்_மல்லி

எல்லாருக்கும் நன்றி. காயில்கடை ஐயா சொன்னதைப் படிச்சப்ப எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. எனக்கு மோட்டார் தெரியாது. அதை எழுதினா யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்றதாத்தான் இருக்கும். ஆனா எங்க பக்கம் வேற ஒரு சந்தேகம் தினமும் ஓடுது. தண்ணி.

எங்க ஊர்ல நிலத்தடித் தண்ணி உப்பு. கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வர்ற நாள்ல அதைப் பிடிச்சு வச்சுக்குவோம், வராத நாள்ல கேன். தெருவுல முக்கால்வாசி வீட்ல பில்டர் இருக்கு, அதுல பாதி ஓடாம நிக்குது. உள்ள உப்பை வடிக்கிற மெம்ப்ரேன் அடைச்சுப் போச்சுன்னு சொல்லிட்டு அப்படியே விட்டிருக்காங்க. ஆர்.ஓ. வாங்கணுமா யூவி போதுமான்னு எங்க ஆபீஸ்லயே வாரத்துக்கு ஒருத்தர் கேப்பாங்க. இது நிஷ் ஆகுமா? வாட்டர் பியூரிஃபையர்ல பெரிய பெரிய தளங்கள் இருக்கே, அதான் யோசனை.

பேராவூரணித்_தென்னை

இதுதாம்மா உங்க தளம். வேற தேட வேண்டாம்.

பெரிய தளங்கள் எழுதுறது "சிறந்த 10 வாட்டர் பியூரிஃபையர்". அந்தத் தலைப்பு பக்கமே போகாதீங்க. அந்தப் பத்துல ஒண்ணையாவது வேதாரண்யத்துத் தண்ணியில ஓடவிட்டுப் பார்த்திருப்பாங்களா? நீங்க தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்குங்க, சில நூறு ரூபாய்தான். உங்க வீட்டு அடிபம்பு, கொள்ளிடம் குழாய், கேன் தண்ணி மூணையும் அளந்து போட்டோ எடுங்க. தோப்புத்துறை, கோடியக்கரை, ஆயக்காரன்புலம், தலைஞாயிறுன்னு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறப்ப எல்லாம் அளந்து ஒரு பட்டியல் போடுங்க. ஊர்ப் பேரைப் போட்டுத் தேடுற ஆள் எண்ணிக்கை கம்மியா இருக்கும். ஆனா அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு நீங்க சொல்ற மெஷினை நம்புவாங்க.

அப்புறம், பில்டர்ல இன்னொரு நன்மை. மெஷின் ஒரு தடவை வாங்குறது. ஸ்பன் கேண்டில், கார்பன், மெம்ப்ரேன் எல்லாம் திரும்பத் திரும்ப மாத்துறது. என் தோப்புத் தளத்துல இந்த வசதி இல்ல. எந்த மாடலுக்கு எந்த மெம்ப்ரேன் பொருந்தும், 75 ஜிபிடி (ஒரு நாளைக்கு எத்தனை கேலன் தண்ணி தரும்ங்கற கணக்கு) இருந்த இடத்துல 100 போடலாமா, இதை எழுதி வச்சா அதே ஆள் அடுத்த தடவையும் உங்க பக்கத்துக்கு வருவார்.

மாயவரம்_துலாக்கட்டம்

சம்மதம். எழுதுறப்ப உண்மை விவரம் நிக்கணும், அதனால சிலதைச் சொல்றேன். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீர்ல டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏத்துக்கலாம். வேற தண்ணி ஆதாரமே இல்லாத இடத்துல 2,000 வரை அனுமதி. யூவி கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. உப்பை எடுக்கிறது ஆர்.ஓ. மெம்ப்ரேன், ஆனா அது கழிவா வெளிய விடுற தண்ணியும் நிறைய. 2019-ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டிடிஎஸ் 500-க்குக் கீழ இருக்கிற இடங்கள்ல ஆர்.ஓ. கூடாதுன்னு உத்தரவு போட்டது, அது உச்ச நீதிமன்றம் வரை போச்சு.

இதை உங்க ஊருக்கு வச்சுப் பாருங்க. கொள்ளிடம் தண்ணியை மட்டும் குடிக்கிற வீட்ல அளந்து பார்த்து 500-க்குக் கீழ இருந்தா, அந்த வீட்டுக்கு ஆர்.ஓ. தேவையில்லை. அடிபம்புத் தண்ணியை நம்புற வீட்டுக்குத் தேவை. ரெண்டும் ஒரே தெருவுல இருக்கும். இதை யாரும் எழுதலை, ஏன்னா எல்லாரும் விலை கூடின மெஷினைத்தான் தள்ளப் பார்க்கிறாங்க.

குடந்தை_வாசி

வாங்க வேண்டாம்னு எழுதினா கமிஷன் எங்கிருந்துங்க வரும்? தங்கச்சி வருமானத்துக்குத்தானே கேட்டது. நான் குறையா சொல்லலை, நிஜமாவே புரியலை.

பேராவூரணித்_தென்னை

நல்ல கேள்விண்ணே. என் தளத்துல "ரெண்டு மா நிலத்துக்குக் கீழ தோப்பு இருந்தா பிரஷ் கட்டர் வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க" ன்னு ஒரு பக்கம் இருக்கு. அதைப் படிச்சவங்கதான் அடுத்த பக்கத்துல நான் சொன்ன ஸ்ப்ரேயரை யோசிக்காம வாங்குறாங்க. வேண்டாம்னு ஒரு தடவை சொன்னவன், வேணும்னு சொல்றப்ப அந்த வார்த்தைக்கு மதிப்பு இருக்கு. நம்ம ஊர் ஜவுளிக் கடையில "இந்தச் சாயம் போகும்மா, வேற எடுத்துக்க" ன்னு சொல்ற கடைக்காரர்கிட்டதான் அம்மாமார் தீபாவளிக்குத் தீபாவளி போறாங்க, அதே மாதிரி.

தவிர வாங்க வேண்டாம்னு சொல்றப்பவும் யூவி இருக்கு, டிடிஎஸ் மீட்டர் இருக்கு, ஸ்பன் கேண்டில் இருக்கு. தொகை சின்னது, ஆனா பொருள் திரும்பி வராது.

மாயவரம்_துலாக்கட்டம்

கூகுள் பக்கத்துல இருந்தும் அதுக்குக் காரணம் இருக்கு. 2021-ல இருந்து ரிவ்யூ பக்கங்களுக்குன்னே தனி மாற்றங்கள் கொண்டு வந்தாங்க. 2022 டிசம்பர்ல தேடல் முடிவுகளோட தரம் பார்க்கிறவங்களுக்கான வழிகாட்டியில நேரடி அனுபவத்தையும் சேர்த்தாங்க. 2023 செப்டம்பர் அப்டேட்ல சின்னச் சின்ன நிஷ் தளங்கள் கொத்துக் கொத்தாக் காணாம போச்சு, அதுல நல்லா எழுதினவங்களும் அடிபட்டாங்கங்கறது வேதனைதான். 2024 மார்ச்ல கருவியை வச்சு நூத்துக்கணக்குல பக்கம் தள்ளுறதுக்கு எதிரா விதி போட்டாங்க. இப்ப பொதுவான கேள்விக்கு கூகுளே மேல பதில் எழுதிக் காட்டிடுது, "ஆர்.ஓ. என்றால் என்ன" ன்னு எழுதுற பக்கத்துக்கு யாரும் வர மாட்டாங்க. கோடியக்கரையில உங்க மீட்டர் காட்டின எண் அதுகிட்ட இருக்காது.

இன்னொரு வேலை சொல்றேன், இதை யாரும் செய்யறதில்ல. ஒவ்வொரு கம்பெனி வாடிக்கையாளர் எண்ணுக்கும் போன் போட்டு வேதாரண்யம் பின்கோடைச் சொல்லி, சர்வீஸுக்கு ஆள் வருவாரா, எத்தனை நாள்ல வருவார், வர்ற கட்டணம் எவ்வளவுன்னு கேளுங்க. கேட்ட தேதியோட போடுங்க. நாகப்பட்டினம், திருவாரூர், பட்டுக்கோட்டை பின்கோடுக்கும் கேளுங்க. சென்னையில நல்ல மெஷின், சர்வீஸுக்கு ஆள் வராத ஊர்ல வெறும் டப்பாதான்.

சிங்கப்பூர்_தஞ்சை

படிச்சிட்டே இருந்தேன், ஒரு வார்த்தை. எங்களை மாதிரி வெளியூர்ல இருக்கிறவங்களை மறந்துடாதீங்க. ஊர்ல அப்பா அம்மாவுக்கு பில்டர், இன்வெர்ட்டர், இரத்த அழுத்த மீட்டர் எல்லாம் இங்க இருந்து நாங்கதான் ஆர்டர் போடுறோம். எந்த மெஷினுக்கு நம்ம ஊருக்கு ஆள் வருவாங்கன்னு தெரியாமலே போடுறோம். அந்தச் சர்வீஸ் பட்டியல் வந்தா நான் முதல் ஆளா படிப்பேன். தமிழ்லயே எழுதுங்க. ஒரு பக்கம் மட்டும் இங்கிலீஷ்லயும் போடுங்க, என் தம்பி மனைவி தமிழ் பேசுவாள், படிக்க வராது.

வேதாரண்யம்_மல்லி

தமிழ்ல எழுதுறதாவே முடிவு பண்றேன். தளத்துல விளம்பரம் காட்டிக் காசு தர்ற கூகுளோட ஆட்சென்ஸ் தமிழுக்குக் கிடைக்குமா? லிங்க் போடுறதுல ஏதாவது சட்டம், விதி இருக்கா? ஆபீஸ்ல ஐயாகிட்ட வருமான வரி விவரம் கேட்டுக்கிட்டேன்: 2024 அக்டோபர்ல இருந்து கமிஷன்ல முன்கூட்டியே பிடிக்கிற வரி (இதுக்கும் டிடிஎஸ்னுதான் பேர்) 2 சதவீதம், பான் குடுக்கலைன்னா 20 பிடிப்பாங்க. பிடிச்சதை ரிட்டர்ன்ல காட்டி, கட்ட வேண்டிய வரி போக மீதியைத் திரும்ப வாங்கிக்கலாம்னு சொன்னார்.

மாயவரம்_துலாக்கட்டம்

ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில இருந்து தமிழுக்கு உண்டு. ஆனா லிங்க் இருக்கிற பக்கத்துல விளம்பரத்தை நெருக்கி வைக்காதீங்க, படிக்கிறவங்க கவனம் சிதறும்.

விதிகள் இருக்கு. லிங்க்ல இருந்து உங்களுக்குக் கமிஷன் வரும்ங்கறதைப் பக்கத்தோட மேல தெளிவாச் சொல்லணும். 2023 ஜனவரியில மத்திய நுகர்வோர் அமைச்சகம் போட்ட வழிகாட்டுதல்படி, எந்த மொழியில பரிந்துரைக்கிறீங்களோ அந்த மொழியிலயே அதைச் சொல்லணும். அதனால தமிழ்ப் பக்கத்துக்கு அடியில சின்ன எழுத்துல இங்கிலீஷ்ல போட்டாப் போதாது. ஒவ்வொரு லிங்க்குக்கும், காசு வர்ற லிங்க்னு கூகுளுக்குச் சொல்ற ஸ்பான்சர்டு குறி வைங்க, வேர்ட்பிரஸ்ல அதுக்கு வசதி இருக்கு.

அமேசான் விதிப்படி விலையை நீங்களா தட்டி எழுதக் கூடாது, அவங்க ஏபிஐ (தளத்துக்கு விவரத்தைத் தானா அனுப்புற வசதி) வழியா வர்ற விலையைத்தான் காட்டலாம். வாடிக்கையாளர் ரிவ்யூவை எடுத்துப் போடக் கூடாது. உங்க லிங்க்ல நீங்களே வாங்கிக் கமிஷன் எடுக்கக் கூடாது. கேக்காதவங்களுக்கு லிங்க்கை இமெயில்ல அனுப்புறது, நோட்டீஸ் அடிச்சு ஒட்டுறது எல்லாம் கூடாது. வாட்ஸ்அப்ல குடும்பக் குழுவுக்கு அனுப்பணும்னா உங்க கட்டுரை முகவரியை அனுப்புங்க, லிங்க்கை அனுப்பாதீங்க.

மன்னை_காயில்கடை

அம்மாடி, ஒண்ணு மறந்துடாதே. ஆர்.ஓ. மெஷினுக்கு வோல்டேஜ் முக்கியம். உங்க பக்கம் குறைஞ்ச வோல்டேஜ் வர்ற நேரம் உண்டு. பம்ப் சத்தம் மட்டும் வரும், தண்ணி வராது. அடாப்டர் போயிடும். அதையும் ஒரு பக்கமா எழுது. சந்தேகம் வந்தா இங்க கேளு, நான் பதில் சொல்றேன்.

வேதாரண்யம்_மல்லி

ரொம்ப நன்றி ஐயா, கண்டிப்பா கேக்குறேன். முதல்ல போட நினைக்கிற பக்கங்கள்: கொள்ளிடம் தண்ணிக்கு ஆர்.ஓ. தேவையா. எங்க சுத்துவட்டார ஊர்கள்ல டிடிஎஸ் அளவு. வேதாரண்யம் பின்கோடுக்கு எந்த கம்பெனி சர்வீஸ் வருது. மெம்ப்ரேன் அடைச்சுப் போச்சுன்னா மாத்துறதா கழுவுறதா. குறைஞ்ச வோல்டேஜ்ல ஆர்.ஓ. அமேசானோட அஃபிலியேட் திட்டமான அசோசியேட்ஸ்ல இன்னிக்கே பதிவு பண்ணிடவா?

மாயவரம்_துலாக்கட்டம்

பண்ணாதீங்க. பதிவு பண்ணின 180 நாளுக்குள்ள மூணு பேராவது உங்க லிங்க்ல வாங்கலைன்னா கணக்கை மூடிடுவாங்க. புதுத் தளத்துக்கு அந்த நேரத்துல ஆளே வந்திருக்க மாட்டாங்க. முதல்ல பக்கங்களைப் போட்டு, தேடல் விவரம் காட்டுற கூகுளோட சர்ச் கன்சோல்ல சேர்த்துட்டு, எந்தக் கேள்விக்கு ஆள் வர்றாங்கன்னு பாருங்க. தினமும் கொஞ்சம் பேர் வர ஆரம்பிச்ச பிறகு பதிவு பண்ணி, அப்ப லிங்க் வைங்க.

வரிசையிலும் ஒரு மாத்தம். சர்வீஸ் பக்கத்தை முதல்ல போடுங்க. கோடையில தண்ணி உப்பேறுறப்பதான் மெஷின் விசாரிப்பாங்க, அதுக்குள்ள அது மேல வந்திருக்கணும். டிடிஎஸ் பட்டியலை ஐப்பசி மழைக்கு முன்ன ஒரு தடவை, சித்திரையில ஒரு தடவை அளந்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க.